வனப் பூங்காவில் ஒரு விருந்தாளி

சித்திரக்காரனுக்கு வேண்டியவை யாவை என்று கேட்டால், தூரிகையும் வர்ணமும் துணியும் என்று பள்ளிப் பிள்ளையும் விடை கூறும். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக அவனுக்கு வேண்டியவை இரண்டு: இருப்பதற்கு ஓர் இடம், பார்ப்பதற்கு அவகாசம். பண்டைக் காலத்தில் அரசரும் ஆலயங்களும் இவ்விரண்டையும் கலைஞருக்கு அளித்துவந்தனர். இக்காலத்தில் அப்பொறுப்பைக் காடுகளும் மலைகளும் ஏற்றுள்ளன என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் ஓவியர், சிற்பி, எழுத்தாளர், இசையாளர் முதலியோரைச் சில வாரங்களுக்கு விருந்தாளிகளாக வரவழைத்து, தங்க இடமும் கொடுத்து, தம் கலையைச் செய்யவிடும் வழக்கம் நிலைபெற்றுள்ளது.

பூங்கா என்றதும் மலர்ப்பாத்திகளும் சிறுவர் ஊஞ்சலும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே குறிப்பிடப்படுவது அதுவன்று. யெலோஸ்ரோன் என்னும் தேசியப் பூங்கா ஒன்று மாத்திரமே ஏறக்குறைய 3,470 சதுர மைல் பரப்புடையது. காடு, ஏரி, பள்ளத்தாக்கு, வெந்நீரூற்று, காட்டெருமைக் கூட்டம் யாவும் அதனுள் அடங்கும். இத்தகைய இடத்தில் கலைஞனுக்கு என்ன வேலை? அங்கிருந்து அவன் எதனைக் கொண்டுவரலாம்? எதனைக் கொண்டுவரலாகாது? இக்கேள்விகளுள் கடைசிக் கேள்வியே மற்றவற்றிலும் ஆழமானது. அதற்கு விடை காணப் புகுமுன், பூங்காவுக்கும் ஓவியனுக்கும் உள்ள பழைய உறவைச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று.

தூரிகை செய்த உதவி

1871ஆம் ஆண்டிலே பெர்டினன்ட் ஹேடன் என்ற புவிச்சரிதவியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழு யெலோஸ்ரோன் பிரதேசத்தை ஆராயப் புறப்பட்டது. அக்குழுவுடன் சென்றவர் தொமஸ் மொறன் என்னும் ஓவியர். இங்கிலாந்திலே பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவிற் குடியேறிய அவருக்கு அப்பொழுது வயது 34. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், யெலோஸ்ரோனின் அற்புதங்களைப் பற்றிய ஒரு சஞ்சிகைக் கட்டுரைக்கு, அவ்விடத்தைக் கண்ணாற் காணாமலே அவர் படங்கள் வரைந்து கொடுத்திருந்தார். காணாததை வரைந்த மனம் கண்டு வரைய விரும்பியது. கடன் பெற்றே அவர் பயணமானார். கடன் கொடுத்தவர்களுள் ஒருவர் புகையிரதப் பாதை அமைக்கும் கம்பனிக்குப் பணம் திரட்டியவர். அழகிய படங்கள் வெளிவந்தால் அவ்விடத்தைக் காண மக்கள் புகையிரதம் ஏறுவர் என்பது அவருடைய கணக்கு.

மொறன் நீர்வர்ணச் சித்திரங்கள் பலவற்றுடன் திரும்பினார். அதே குழுவிற் சென்ற வில்லியம் ஹென்றி ஜக்சன் என்பவர் புகைப்படங்களுடன் திரும்பினார். அக்காலப் புகைப்படத்துக்கு வர்ணம் இல்லை. மொறனின் சித்திரங்களுக்கு அது இருந்தது. மஞ்சட் பாறையும் பச்சை நீரும் வெண்ணிற ஆவியும் உண்மையாகவே உள்ளன என்பதற்கு அவ்விருவரின் படைப்புகளும் ஒன்றுக்கொன்று சாட்சி கூறின. அவை கொங்கிறஸ் உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. 1872ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் திகதி ஜனாதிபதி கிராண்ட் சட்டத்திற் கையொப்பமிட, உலகின் முதலாவது தேசியப் பூங்கா பிறந்தது. அதே ஆண்டில் மொறன் வரைந்து முடித்த, ஏழு அடி உயரமும் பன்னிரண்டு அடி அகலமும் கொண்ட யெலோஸ்ரோன் பெரும்பள்ளத்தாக்கின் ஓவியத்தைக் கொங்கிறஸ் 10,000 டொலர் கொடுத்து வாங்கிற்று. ஒரு நிலத்தின் தலைவிதியை நிர்ணயித்ததில் ஓவியனுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

மரக்குடிலில் இரு வாரம்

அன்று மொறன் செய்தது நெடும் பயணம். இன்றைய கலைஞனுக்குக் கிடைப்பது ஒரு சிறு குடில். கொலராடோ மாநிலத்தில் றொக்கி மலைத் தேசியப் பூங்காவிலே வில்லியம் அலன் வைற் என்ற புகழ்பெற்ற பத்திரிகாசிரியரின் மரவீடு ஒன்று உண்டு. கன்சாஸ் மாநிலத்திலிருந்து 1912 முதல் கோடைதோறும் அங்கு வந்து தங்கி எழுதியவர் அவர். அவர் காலத்துக்குப் பின் அவ்வீடு பூங்காவின் வசமாயிற்று. 1984 தொட்டு அது கலைஞர் தங்கும் இடமாகப் பயன்பட்டுவந்துள்ளது. சுப்பீரியர் ஏரியின் நடுவேயுள்ள ஐல் ரோயல் தீவுப் பூங்காவில் கலைஞருக்கெனக் கொடுக்கப்பட்டுவந்த குடிலோ மின்சாரம் இல்லாதது. படகேறிச் சென்று, வேண்டிய உணவையும் உடன்கொண்டு போய், விளக்கின்றி விடியலையும் அந்தியையும் கணக்கிட்டு வாழ வேண்டிய இடம் அது.

கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள வெயர் பண்ணையின் வரலாறு வேறு வகையானது. ஜூலியன் ஓல்டன் வெயர் என்னும் ஓவியர் 1882இல் ஓர் ஓவியத்தையும் பத்து டொலரையும் கொடுத்து 153 ஏக்கர் பண்ணையொன்றைப் பெற்றார். நண்பர்களான ஓவியர்கள் அங்கு வந்து தங்குவதும் வரைவதும் வழக்கமாயின. 1990இல் அப்பண்ணை தேசிய வரலாற்றிடமாக்கப்பட்டது. கற்சுவரும் குளமும் களஞ்சியமுமாக அவர்கள் வரைந்த காட்சிகள் பல இன்றும் அவ்வண்ணமே பேணப்படுகின்றன.

இவ்விருந்தோம்பலுக்குக் கைம்மாறு இல்லாமலில்லை. தங்கியிருக்கும் காலத்திற் பொதுமக்களுக்கு ஓரிரு முறை உரை நிகழ்த்தியோ செய்து காட்டியோ தம் கலையை விளக்குதல் வேண்டும். தம் படைப்புகளில் ஒன்றைப் பூங்காவுக்கு அளித்துச் செல்லும் விதியும் பல இடங்களில் உண்டு. தங்குமிடம் இலவசமாயினும், பயணச் செலவும் உணவுச் செலவும் பெரும்பாலும் கலைஞருடையவை. சில இடங்களில் மாத்திரம் சிறு உதவித்தொகை கிடைக்கும். எனவே கைக்குழந்தையை உடைய தாய்க்கும், நாட்கூலியை நம்பி வாழும் கலைஞனுக்கும் இந்தக் குடிலின் கதவு எளிதிற் திறப்பதில்லை. திறமை எங்கும் உண்டு. அவகாசம் எல்லார்க்கும் இல்லை. இக்குறையை நாம் மறைத்தல் நேர்மையன்று.

ஒட்டுச் சித்திரத்தின் கதை

இக்கலைஞருள் பலர் வர்ணத்தால் மாத்திரம் வரைபவர் அல்லர். கடதாசி, துணி, நூல், புகைப்படம், மண், மரப்பட்டை, கைவிடப்பட்ட இரும்பு ஆகியவற்றை ஒரே படைப்பிற் கலந்து அமைக்கும் முறையைக் கலப்பூடகக் கலை என்பர். இதன் நவீன வரலாறு 1912இல் பாரிஸ் நகரிலே தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டில் பிக்காசோ, பிரம்புக் கதிரையின் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணித் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். பின்னலை வரைவதற்குப் பதிலாகப் பின்னற் படத்தையே ஒட்டிவிட்டால் அது ஓவியமாகுமா என்று உலகம் கேட்டது. ஆகும் என்று காலம் விடை கூறிற்று.

இம்முறையை மலைநாட்டுக்குக் கொண்டு சென்றவர்களுள் கேர்ட் ஷ்விற்றேர்ஸ் குறிப்பிடத்தக்கவர். ஜேர்மனியரான அவர், கிழிந்த ரிக்கற்று, பொதிக் கடதாசி, மரத்துண்டு என்பவற்றைக் கொண்டு சித்திரங்கள் அமைத்தார். நாஸி ஆட்சிக்கு அஞ்சி 1937இல் நோர்வேக்கும், 1940இல் பிரித்தானியாவுக்கும் அகதியாகச் சென்றார். 1945 முதல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வாழ்ந்து, 1947இல் எல்ற்றவோட்டர் என்னும் இடத்தில் ஒரு பழைய கற்களஞ்சியத்தின் சுவரையே படைப்பாக்கத் தொடங்கினார். சுண்ணச்சாந்தின் மீது அக்கம்பக்கத்திற் கிடைத்த கல்லும் சுள்ளியும் பழைய உலோகத் துண்டுகளும் இடம்பெற்றன. பணி முற்றுப்பெறுமுன் 1948 ஜனவரியில் அவர் காலமானார். 1965இல் அந்தச் சுவர் முழுமையாகப் பெயர்க்கப்பட்டு நியூகாசில் நகரக் கலைக்கூடம் ஒன்றுக்குக் கொண்டு செல்லப்பட்டது. நாட்டை இழந்த ஒருவர், அயலார் நிலத்திற் பிறர் வேண்டாமென்று விட்டவற்றைப் பொறுக்கியெடுத்து ஒரு சுவரிலே தமக்கென ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொண்டார். கலப்பூடகக் கலையின் உள்ளத்தை அறிய இச்சுவரே போதும்.

ஓர் இலையும் எடுக்கலாகாது

ஷ்விற்றேர்ஸ் பொறுக்கிய காலத்தில் அவ்விடம் தேசியப் பூங்காவாக இருக்கவில்லை, 1951இலேதான் ஆயிற்று. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலோ விதி கண்டிப்பானது. கல், மண், செடி, இறகு, எலும்பு, விழுந்த சுள்ளி எதனையும் எடுத்துச் செல்லல் பொதுவாகச் சட்டவிரோதம். சில பூங்காக்களிற் சிறிதளவு காட்டுப்பழமோ வெறுஞ்சிப்பியோ தம் தேவைக்கு எடுக்க அனுமதி உண்டு; அவ்வளவே. கிடைத்ததை ஒட்டிச் சித்திரம் அமைக்கும் கலைஞனைக் கிடைப்பவற்றின் நடுவே கொண்டுபோய் வைத்து, கையைக் கட்டிவிடுவதைப் போன்றதன்றோ இது!

விதியின் காரணத்தை அறிய அரிசோனாவின் கல்மரக் காட்டுப் பூங்காவுக்குச் செல்வோம். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த மரங்கள் மண்ணுட் புதைந்து, அணு அணுவாகக் கல்லாகி, சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக அங்கே கிடக்கின்றன. ஒரு துண்டுதானே என்று எடுத்துச் சென்றோர் அநேகர். அவர்களுட் பலர் பின்னர் அத்துண்டைத் தபாலில் திருப்பி அனுப்பியுள்ளனர். மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதங்களும் உடன்வந்தன. எடுத்த நாள் முதல் தமக்குத் துன்பமே நேர்ந்தது என்று முறையிட்டோரும் உளர். 1930கள் தொட்டு இத்தகைய கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் திரும்பி வந்த கல்லை அதன் இடத்தில் மீண்டும் வைக்க முடிவதில்லை. எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரியாது. தெரியாத இடத்தில் இட்டால் நாளைய ஆராய்ச்சியாளனின் முடிவுகள் பிழைத்துவிடும். ஆகவே அவை பாதையோரம் ஒன்றில் குவிக்கப்பட்டன. அதற்கு மனச்சாட்சிக் குவியல் என்று பெயர். கல்லைத் திருப்பிக் கொடுக்கலாம். கல்லின் இடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒருவர் எடுப்பது ஓர் இலை. ஆண்டுதோறும் வருவோரோ இலட்சக்கணக்கினர். கலைஞன் என்ற பெயர் இக்கணக்கிலிருந்து எவரையும் விலக்கிவிடாது. மேலும், இலையும் விதையும் கலந்த படைப்பைப் பூங்காவின் சேகரிப்பில் வைப்பதிலும் இடர் உண்டு. அவற்றோடு வரும் பூச்சிகள் பக்கத்திலிருக்கும் பழம்பொருள்களையும் அரித்துவிடக் கூடும்.

எடுக்காமல் எடுக்கும் வழிகள்

தடை கலையை அழிக்கும் என்று எண்ணுவது தவறு. செய்யுளுக்கு யாப்புப் போல, இத்தடை கலைஞனைப் புதிய வழிகளிற் செலுத்துகிறது. வண்டு மலரைக் கெடுக்காமற் தேனைக் கொள்வது போன்ற வழிகள் அவை.

முதலாவது, உரசிப் பதித்தல். மெல்லிய கடதாசியை மரத்தின் மீது வைத்து, மெழுகுப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால், அடியிலுள்ள மேடுபள்ளம் மேலே தோன்றும். 1925இல் மக்ஸ் ஏர்ன்ஸ்ற் என்னும் ஓவியர் கடற்கரை விடுதியொன்றின் தேய்ந்த மரத்தளத்தில் இவ்வாறு உரசி, அத்தடங்களிற் காடுகளையும் விலங்குகளையும் கண்டார். பூங்காவில் தங்குபவர் குடிலின் பழம்பலகையில் இதனைச் செய்யலாம். பாசிப்படலம் படர்ந்த பாறையில் செய்யலாகாது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர்கூட வளராத படலங்கள் உண்டு. முன்னோர் பாறையிற் கீறிய உருவங்களைத் தொடவே கூடாது.

இரண்டாவது, நீல ஒளிப்படி. 1842இல் ஜோன் ஹேர்ஷல் என்னும் விஞ்ஞானி கண்ட முறை இது. இரும்பு உப்புகள் பூசிய கடதாசியை வெயிலில் வைத்து நீரில் அலம்பினால், ஒளி பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும். நிழல் பட்ட இடம் வெண்மையாக எஞ்சும். அடுத்த ஆண்டிலேயே அன்னா அற்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி கடற்பாசிகளை இம்முறையிற் படியெடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூல் அதுவே என்பர். அவர் பறித்த பாசியை வைத்துப் படியெடுத்தார். பூங்காவில் தங்குபவரோ, உயிருள்ள செடியின் அருகே கடதாசியைப் பிடித்து, அதன் நிழலை மாத்திரம் பெறலாம். காற்று அசைக்கும், சூரியன் நகரும், விளிம்பு மங்கும். அந்த மங்கலே அவ்விடத்தின், அந்நேரத்தின் கையொப்பம். அலம்பிய நீரை மண்ணில் ஊற்றாமற் பாத்திரத்திற் சேர்த்துக் கொண்டுவருதலும் கலைஞனின் கடமையாகும். தூரிகை கழுவிய நீருக்கும் இது பொருந்தும். வர்ணங்கள் சிலவற்றில் நஞ்சுடைய உலோகங்கள் உண்டு.

மூன்றாவது, மனிதர் கொண்டுவந்தவற்றைப் பயன்படுத்தல். பழைய வழிப்படம், நுழைவுச் சீட்டு, மழையில் நனைந்த நாட்குறிப்புத் தாள், கோதுமை மாப்பசை, தையல் நூல் என்பவையே போதும். வழிப்படத்தின் ஒரு துண்டை ஒட்டி, அதன்மேல் உரசிய தடத்தை வைத்து, நடந்த பாதையை நூலால் தைத்தால், மலையிலிருந்து ஒரு சிறு கல்லும் எடுக்கப்படாமலே மலை வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நான்காவது வழி இவை யாவற்றிலும் மேலானது: பூங்காவிலிருந்து அகற்றப்பட வேண்டியதை எடுத்தல். 2013ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அலாஸ்காவின் கரையோரமாகக் கலைஞரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு கப்பற் பயணம் மேற்கொண்டனர். மனிதர் வாழாத அக்கரைகளிற் கடல் கொண்டுவந்து ஒதுக்கிய பிளாஸ்ரிக் போத்தல்களும் மீன்வலைகளும் மிதவைகளும் மலிந்து கிடந்தன. கற்மாய் தேசியப் பூங்காவின் கரையும் அதற்கு விலக்காகவில்லை. கரையிற் திரட்டியவை படைப்புகளில் இடம்பெற்று, 2014இல் அங்கறேஜ் நகர நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிற இடத்திற் கலைஞன் ஒன்றை எடுத்தால் நிலம் குறையும். இங்கோ அவன் எடுத்த அளவுக்கு நிலம் தூய்மை பெற்றது.

சித்திரத்தில் இல்லாத மனிதர்

எடுத்தல் என்பது கல்லுக்கும் இலைக்கும் மாத்திரம் உரிய பேச்சன்று. மொறனின் பேரோவியத்தில் மலையும் நீரும் விண்ணும் நிறைந்திருக்க, மனித உருவங்கள் மிகச் சிறியனவாகவே காணப்படும். அந்நிலம் ஆளில்லா நிலம் என்ற எண்ணத்தை இத்தகைய படங்கள் பார்ப்போர் மனத்தில் ஊட்டின. உண்மை வேறு. மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்த ஷொஷோனி மக்கள் யெலோஸ்ரோனிலேயே குடியிருந்தனர். பூங்கா அமைந்த சில ஆண்டுகளுக்குள் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். வெந்நீரூற்றுகளுக்கு அஞ்சிப் பழங்குடியினர் அப்பக்கம் வருவதில்லை என்ற பொய்யும் பரப்பப்பட்டது. ஜோர்ஜ் கற்லின் என்னும் ஓவியர் 1832இல் மிசூறி ஆற்றுப் பிரதேசத்திற் பயணம் செய்தபோது கண்ட கனவு, மனிதரும் விலங்கும் ஒருங்கே வாழும் ஒரு தேசத்தின் பூங்காவைப் பற்றியது. நாற்பது ஆண்டுகளின் பின் பூங்கா வந்தது. அம்மனிதருக்கு அதில் இடமில்லாமற் போயிற்று.

இப்பிழையைத் திருத்தும் முயற்சிகள் மெல்ல நடைபெறுகின்றன. முன் கூறிய கல்மரக் காட்டுப் பூங்காவிலுள்ள பழைய விடுதியின் சுவர்களில், 1947–48இல் பிரெட் கபோற்றி என்ற ஹோப்பி இனத்து ஓவியர் சித்திரங்கள் தீட்டினார். உப்புக் கொண்டுவரத் தொலைதூர ஏரிக்கு யாத்திரை செல்லும் தம் மக்களின் வழக்கம் அவற்றுள் ஒன்றின் பொருள். அவர் அங்கு பிறர் நிலத்துக்கு வந்த விருந்தாளியல்லர். அந்நிலத்தின் கதையை உள்ளிருந்து சொன்னவர். யெலோஸ்ரோனில், அதன் 150ஆவது ஆண்டாகிய 2022இல், பழங்குடிக் கலைஞரும் அறிஞரும் வருகையாளரோடு உரையாடுவதற்கென ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அந்நிலத்தோடு வரலாற்றுத் தொடர்புடையனவாக 27 இனங்கள் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. ஆகவே பூங்காவிற் தங்கும் கலைஞன் இரண்டு கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன். இங்கிருந்து நான் எதனை எடுக்கிறேன்? என் படத்திலிருந்து யாரை விட்டுவிடுகிறேன்?

வீட்டாருக்கு ஒரு யோசனை

குடிலும் அழைப்பும் நமக்கு வேண்டியதில்லை. விடுமுறை நாளிற் பிள்ளைகளுடன் காட்டுப் பக்கமோ கடற்கரையோ செல்லும் பெற்றோர், மெல்லிய கடதாசி சிலவும் மெழுகுப் பென்சிலும் ஒரு வெறும் பையும் கொண்டு செல்வாராக. விழுந்த இலையின் நரம்பைப் பிள்ளை உரசிப் பதித்தபின், இலையைக் கிடந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். நாளும் இடமும் கண்ட பறவையின் பெயரும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அவ்விடத்திற் பழைய காலத்தில் யார் வாழ்ந்தனர் என்பதை, தெரிந்த பெரியோரிடம் கேட்டு அதனையும் சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் பையோ, கரையிற் கிடக்கும் போத்தல்களுக்கும் கடதாசிக் குப்பைகளுக்கும் உரியது. வீடு திரும்பியதும் மாப்பசை காய்ச்சி, பதித்த தடங்களையும் எழுதிய குறிப்புகளையும், கழுவி வெட்டிய குப்பைத் துண்டுகள் சிலவற்றையும் ஓர் அட்டையில் ஒட்டினால், அதுவே அப்பிள்ளையின் முதற் கலப்பூடகச் சித்திரமாகும். அடுத்த முறை செல்லும்போது அந்த இலை அங்கே மட்கி மண்ணாகியிருக்கும். அதன் நரம்போ பிள்ளையின் அட்டையில் இருக்கும்.